இருமல் மருந்து என்று நான் எழுதிய சீட்டு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பும் நேரம் பார்த்து நீ போன் செய்கிறாய். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்க மழை உண்டா என்று மூன்று கேள்வி கேட்கிறாய். நான் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். வைத்துவிடுகிறாய். மே மாதத்திலிருந்து இப்படித்தான். உன் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த மூன்று கேள்வியைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று நாலு வாரம் முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றித்தான் பேச வந்தது. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை, ஒரே ஒரு சீட்டைத் தவிர. இந்தக் கடிதம் அந்தச் சீட்டைப் பற்றியது.

முதலில் மே மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் உன் அடுக்களையில், வெயில் படாத மூலையில், ஏழு கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருந்தன. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்ததைப் படித்தேன். வோட்கா, எலுமிச்சைத் தோல், எட்டாம் நாள். ரம், அன்னாசி, பட்டை, இருபதாம் நாள். ஜின், மிளகு, துளசி, மூன்றாம் நாள். கையெழுத்து என்னுடையது மாதிரியே சாய்ந்திருந்தது. நீ ஒளிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. சின்ன வயதில் தபால்தலை ஆல்பத்தைத் திறந்து காட்டுவாயே, அதே முகத்தோடு ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினாய். "மாசத்துக்கு ஒரு தடவை ஃப்ரெண்ட்ஸ் வருவாங்கம்மா. ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ். அவ்வளவுதான்" என்றாய். நான் கேட்டேன், "இவ்வளவு பழமும் தோலும் போட்டா அதோட வேகம் குறைஞ்சிடும்தானே?" நீ சிரித்தாய். "குறையாதும்மா. தெரியாமப் போகும்" என்றாய்.

நீ சாதாரணமாகச் சொன்ன பதில் அது. சொல்லிவிட்டுக் காய்கறி வாங்க ஷீலாவோடு கீழே இறங்கிப் போனாய். நான் அந்த அடுக்களையில் நின்றபடி அந்த இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பிறகு முதல் ஜாடியைத் தூக்கி ஸிங்கில் ஊற்றினேன். ஏழாவதையும் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தபோது ஷீலா வந்தாள். "அத்தை, அது அவர் ரெண்டு மாசமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பின்னால் நீ வந்தாய். கவிழ்த்த ஜாடிகளைப் பார்த்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ ஏதாவது கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு ஓய்ந்திருப்பேன். உன் மௌனம் தாங்காமல்தான் சொன்னேன்: "ஒங்க சித்தப்பா ஒங்கப்பாவைக் கெடுத்த மாதிரி நீயும் கெடணுமா?" நீ, "அந்த ஆளு பேச்ச இந்த வீட்ல எடுக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். மறுநாள் காலை ரயிலுக்கு நான் கிளம்பிவிட்டேன்.

சித்தப்பா உன் அப்பாவைக் கெடுக்கவில்லை. அவர் ஊற்றிக் கொடுக்கவும் இல்லை, பழக்கிவிடவும் இல்லை. ஊற்றிக் கொடுத்தவள் நான். பத்து வருஷம், என் கையால், அளந்து.

எனக்கு இந்த வேலை தெரிந்தது கான்வென்ட்டில். விடுதியில் இருந்தபோது சமையலறைப் பொறுப்பில் இருந்த சிஸ்டர், கிறிஸ்துமஸ் கேக்குக்காக ஜூலையிலேயே காய்ந்த திராட்சையையும் ஆரஞ்சுத் தோலையும் பிராந்தியில் ஊறப் போடுவார். பீங்கான் ஜாடி, மெழுகுத் துணி, மேலே ஒரு நூல் கட்டு. சனிக்கிழமை தோறும் அதைத் திறந்து கிளறிவிட்டு மூடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். வேறு பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. கை சுத்தம், வாய் சுத்தம் இரண்டும் எனக்கு உண்டு என்று சொன்னார். அந்தப் பெருமையை நான் இன்றுவரை விடவில்லை என்று உனக்குத் தெரியும். தோலின் உள்பக்கத்து வெள்ளையைச் சுரண்டாவிட்டால் கசக்கும், கிராம்பை நாலு நாளுக்கு மேல் விட்டால் நாக்கு மரத்துப் போகும், பட்டை கடைசியில்தான் போட வேண்டும் என்பதெல்லாம் அங்கே கற்றது. உன் எலுமிச்சை ஜாடியை ஊற்றும்போதே என் மூக்கு சொன்னது, நீ வெள்ளையை எடுக்கவில்லை என்று. இந்த நிலையிலும் இதை எழுதுகிறேன் பார்.

உன் அப்பா அரசாங்கத்தில் கண்மாய், மதகு வேலை பார்த்த இன்ஜினியர். வெளியூர் வேலைக்குப் போனால் அங்கே காண்ட்ராக்ட் எடுத்தவர்கள் ஏதாவது ஊற்றிக் கொடுப்பார்கள். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். நீ ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் விராலிமலைப் பக்கம் ஸ்கூட்டரோடு விழுந்துவிட்டார். தக்காளி ஏற்றிவந்த வேனில் போட்டு யாரோ கொண்டுவந்து இறக்கினார்கள். சாயங்காலம் ஐந்து மணி. தெருவே வாசலில் நின்றது. எதிர் வீட்டம்மா, "சாருக்கு மயக்கமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அடி பலமில்லை, முழங்கையில் சிராய்ப்புதான். நான் அவரை அன்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த முந்தானையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைக் குடிக்காமல் இருக்கச் செய்ய என்ன வழி என்று நான் யோசிக்கவில்லை, தம்பி. ஊர் பார்க்காமல் இருக்க என்ன வழி என்றுதான் யோசித்தேன். என் முதல் தவறு இது. மற்றவை எல்லாம் இதிலிருந்து வந்தவை.

வழி கண்டுபிடித்தேன். வெளியே தொடக் கூடாது. வீட்டில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு அவுன்ஸ். அதுவும் வெறும் பிராந்தியாக இல்லை. கமலா ஆரஞ்சுத் தோல், உலர்ந்த திராட்சை, சுக்கு, திப்பிலி, இரண்டு கிராம்பு, கொஞ்சம் நன்னாரி வேர். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் மூன்று வாரம் இருட்டில் வைத்து, தினமும் ஒரு தரம் குலுக்கி, மல் துணியில் வடிகட்டிப் பழுப்பு மருந்து பாட்டிலில் ஊற்றினேன். வெள்ளைத் தாளில் 'இருமல் மருந்து, பெரியவர்களுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினேன். அப்பா முதல் நாள் குடித்துவிட்டு உதட்டை நக்கினார். "டீச்சர், இவ்வளவு ருசியா மருந்து செஞ்சா எவன் குணமாவான்?" என்றார். நானும் சிரித்தேன். ஒரு தரம் உனக்கு இருமல் வந்தபோது அலமாரியின் மேல்தட்டைக் காட்டி அதைக் கேட்டாய். உன் கையில் அடித்தேன். "பெரியவங்களுக்குன்னு எழுதியிருக்கில்ல, படிக்கத் தெரியாதா?" என்றேன். நீ அழுதது பாட்டிலுக்காக அல்ல, படிக்கத் தெரியாதா என்று நான் கேட்டதற்காக.

பிராந்தி எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேட்பாய். நான் கடைக்குப் போக முடியாது. அப்பாவைக் கடைக்கு அனுப்ப மாட்டேன். உன் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டில் இருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி வைத்த ஐஸ் பெட்டியில் நமக்கு மீன் கொண்டுவருவார். உனக்குக் கொடுவா பிடிக்கும் என்று அதை மேலாக வைத்திருப்பார். நான் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "அண்ணனுக்கா? வேணாமே மதினி" என்றார். "அப்ப ரோட்டுல விழுந்து கிடக்கட்டும்கிறீங்களா?" என்றேன். "அப்பிடிச் சொல்லுவனா. நீங்க படிச்சவுக, யோசிச்சுத்தான் சொல்லுவீக" என்று முடித்துக்கொண்டார். அடுத்த தடவையிலிருந்து மீனுக்கு அடியில், ஐஸுக்குள், செய்தித்தாள் சுற்றிய பாட்டில் வந்தது. மீன் வாடை போகப் புளி போட்டுத் தேய்ப்பேன். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டவர் இல்லை. ஐஸ் பிளான்ட்டில் அவருக்கு 'ஃபாதர்' என்று பட்டப்பெயர். கடைக்காரன்கூட, "என்ன ஃபாதர், பூசைக்கா?" என்று கேட்பானாம். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

ஒரு அவுன்ஸ் இரண்டானது. இரண்டு, காலையில் ஒன்று, மாலையில் இரண்டு என்றானது. ஒவ்வொரு முறையும் அப்பா என்னைக் கேட்டுத்தான் கூட்டினார், நான் அனுமதி கொடுத்துத்தான் ஊற்றினேன். அளவுக் குவளையில் கோடு தாண்டவிட மாட்டேன். கோடு தாண்டாதவரை எல்லாம் சரி என்று இருந்தேன். மூன்று வாரம் ஊறிக்கொண்டிருந்த ஜாடிகள் ஒன்றிலிருந்து நாலாயின. எனக்கு அது குடி என்று தோன்றவே இல்லை. அதில் சுக்கு இருந்தது, திப்பிலி இருந்தது, என் கைச்சுத்தம் இருந்தது. அவரும் தள்ளாடவில்லை, சத்தம் போடவில்லை, சட்டை கசங்காமல் ஆபீஸ் போனார். குறையாது, தெரியாமப் போகும் என்று நீ சொன்னாயே. பத்து வருஷம் நான் செய்த வேலைக்கு நீ இரண்டு சொல்லில் விளக்கம் சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போனாய். ஜாடிகளை நான் ஏன் ஊற்றினேன் என்று இப்போது உனக்குப் புரியும். உன் மேல் இருந்த கோபம் அல்ல அது.

நீ கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அப்பாவுக்குக் கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது. இங்கே டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. அவர் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார்: "சார், குடிப்பழக்கம் ஏதாவது உண்டா?" அப்பா என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்லட்டும் என்று என்னைக் கேட்ட பார்வை அது. நான்தான் பதில் சொன்னேன். "எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர்" என்றேன். என் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்பது போலத் தலையசைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டு வரை மெதுவாக நடந்தோம். பிறகு, "நல்லா சொன்ன" என்றார். அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். வீட்டுக்கு வந்து டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கொடுத்தேன், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். கை நடுங்குகிறது என்று அவர் சொன்னதால் பழுப்புப் பாட்டிலிலிருந்தும் கொடுத்தேன். மஞ்சள் காமாலைக்காரருக்கு. என் கையால்.

மூன்று வாரத்தில் திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே இருந்த பெரிய டாக்டர் மரியாதை பார்க்கவில்லை. ரிப்போர்ட்டை மேசையில் போட்டு, "எத்தனை வருஷமாக் குடிக்கிறார்? பொய் சொல்லாதீங்கம்மா, ரத்தமே சொல்லுது" என்றார். என் இரண்டு அக்காக்களும் கூட நின்றார்கள். சாப்பாட்டுக் கேரியரோடு சித்தப்பா வாசல் பக்கம் நின்றார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "இவருடைய தம்பி கடற்கரைப் பக்கம் இருக்கார். அங்க போறப்ப..." என்றேன். வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். கேரியரைக் கீழே வைத்தார். "ஆமா டாக்டர். என்னாலதான்" என்றார். அன்று சாயங்காலம் நீ வந்து சேர்வதற்குள் என் அக்காக்கள் அதைக் கதையாக்கி முடித்திருந்தார்கள்.

அப்பாவை எடுத்துக்கொண்டு கல்லறைக்குக் கிளம்பும்போது நடந்தது உனக்கு நினைவிருக்கும். பெட்டியின் ஒரு பக்கப் பிடியை நீ பிடித்தாய். மறுபக்கப் பிடியில் சித்தப்பா கை வைத்தார். நீ, "கையை எடுங்க" என்றாய். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவர் எடுத்துவிட்டார். கூட்டத்தின் கடைசியில் செருப்பில்லாமல் நடந்து வந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், தம்பி. என் வாயைத் திறக்க ஒரே ஒரு நிமிஷம் போதும். துக்கத்தில் பேச முடியவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் பேச விரும்பவில்லை. டீச்சர் தன் புருஷனுக்குத் தானே ஊற்றிக் கொடுத்தாளாம் என்று அந்த எதிர் வீட்டம்மா சொல்வது என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் செத்தே பன்னிரண்டு வருஷமாகிறது. நான் இன்னும் அவளுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

உன் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட வேண்டாம் என்றாய். சரி என்றேன். வருஷா வருஷம் அப்பாவின் நினைவு நாளுக்கு நீ வருகிறாய். பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மூன்று மணிக்குக் காரை எடுத்துவிடுவாய். நாலேகால் பஸ்ஸில் சித்தப்பா வருகிறார். ஒவ்வொரு வருஷமும். உன் கார் போன பிறகு வர வேண்டும் என்று அவராகவே வைத்துக்கொண்ட நேரம் அது. மறுநாள் நான் போய்ப் பார்க்கும்போது உன் மெழுகுவர்த்தி உருகிய இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று உருகியிருக்கும். இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை.

போன வாரம் அவருக்குப் போன் செய்தேன். கண்ணில் புரை, இரண்டு கண்ணும் மங்கல். மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதை அவருக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன், நடுவில் நிறுத்தாமல். முடித்ததும் அவர் சொன்னார்: "எதுக்கு மதினி இப்ப போயி இதெல்லாம். பய ஒங்கமேல கோவிச்சுக்கிருவான். ஒங்களுக்கு அவன் ஒருத்தந்தானே. நா இப்பிடியே இருந்துட்டுப் போறேன், எனக்குப் பழகிருச்சு." நான், "எனக்குப் பழகல" என்றேன். அவர் சிரித்தார். "பாட்டில வாங்குனது நாந்தானே. அது பொய்யில்லையே" என்றார். இருபத்து மூன்று வருஷமாக அவர் அந்தப் பழியைச் சுமக்க இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்டுத்தான் வாங்கினார் என்பதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை, தன் மகளிடம்கூட. பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டிருந்த அவள் போனை வாங்கி, "பெரியம்மா, எங்க அம்மா சாகுற வரைக்கும் இவரத் திட்டிக்கிட்டே செத்துச்சு" என்றாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏழு ஜாடிக்கும் கேட்கிறேன், அது சுலபம். மற்றதற்கு நீ நேரம் எடுத்துக்கொள். ஆனால் அம்மா என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். நீ ஊறப் போடுவது சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. தவறு என்று சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டேன். ஆனால் உன் ஜாடிகளில் இருந்த ஒன்று என் ஜாடிகளில் இல்லை. நீ உள்ளே இருப்பதன் பெயரை வெளியே எழுதியிருந்தாய். அதை விட்டுவிடாதே. பழத்தின் பெயருக்கு முன்னால் சாராயத்தின் பெயரை எழுது, எப்போதும். உடம்புக்கு நல்லது என்று சொல்லி ஒருவருக்கும் ஊற்றாதே. என்றைக்காவது ஒரு டாக்டர் உன்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டால், ஷீலாவின் முகத்தைப் பார்க்காதே. நீயே பதில் சொல். ஷீலாவும் இதைப் படிக்கட்டும்.

அடுத்த மாதம் நினைவு நாளுக்கு நீ வருவாயா என்று எனக்குத் தெரியாது. வந்தால் மூன்று மணிக்குக் கிளம்பாதே. சித்தப்பாவிடம் இந்த முறை நாலேகால் பஸ்ஸில் வர வேண்டாம், பதினொரு மணி பஸ்ஸில் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பூசை முடிந்ததும் கோயில் வாசலில், என் அக்கா பிள்ளைகள் எல்லோரும் நிற்கும்போது, திருச்சியில் நான் முடிக்காத வாக்கியத்தை முடிக்கப் போகிறேன். நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்கும். நீ இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

போனை வைக்கும்முன் அவர் என்ன கேட்டார் தெரியுமா? "தம்பிக்கு இன்னும் கொடுவா புடிக்குமா மதினி?" என்றார். பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். அதே மாதிரிப் பெட்டியில், ஐஸ் போட்டுத்தான் கொண்டுவருவார். கண் தெரியாத மனுஷன், பஸ் படியில் பெட்டியோடு இறங்கத் தடுமாறுவார். வாங்கிக்கொள்கிறேன் என்றால் கொடுக்க மாட்டார், அவர் சுபாவம் அப்படி. அவர் ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்திருப்பார். நீ போய் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்.

அம்மா